கயிறு கொண்டுபோன வாணம்

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான உடன்படிக்கையோடு சென்ற இதழை நிறுத்தியிருந்தோம். சேலம், நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி, சங்ககிரி என்று தாலாகாட் முழுவதும், அதற்கு வடக்கே பாராமகாலும் திப்பு சுல்தானின் கையை விட்டுக் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போயின. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டராக வந்தார். அவருடைய நில அளவையைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதியிருக்க வேண்டும். அதற்கு முன்னால், இந்தச் சமவெளியை விட்டுப் போன மைசூர்ப் படையோடு போன ஒரு பொருளைக் கொஞ்ச தூரம் தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வருவோம். கடலையே பார்க்காத நம் சீமைக்கும், புயலில் உடைந்த கப்பல்களிலிருந்து கரை சேர்ந்த மனிதர்களுக்கும் நடுவே அது ஓர் உறவை உண்டாக்கியிருக்கிறது.

அந்தப் பொருள் வாணம். ராக்கெட்.

சங்ககிரி மலைக்கோட்டையிலும், நாமக்கல் ஊர் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறைக் கோட்டையிலும் மைசூர்ப் படை காவல் இருந்தது. 1768இல் கர்னல் உட் நாமக்கல்லைப் பிடித்தார். சில மாதங்களுக்குள் ஹைதர் அலி அதை மீட்டுக்கொண்டார். அந்தக் காலத்து மைசூர்ப் படையில் பீரங்கிக்காரர், குதிரைக்காரர் போல வாணக்காரர் என்றும் ஒரு பிரிவு உண்டு. ஹைதர் காலத்தில் ஆயிரத்து இருநூறு பேர் அளவில் இருந்த அந்தப் பிரிவு, திப்பு காலத்தில் ஐயாயிரம் வரை வளர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள். படைப்பிரிவு ஒன்றுக்கு இருநூறு வாணக்காரர் இருக்க வேண்டும் என்று திப்புவின் படை விதிநூலே வகுத்திருந்தது.

வாணம் அன்றைக்குப் புதிதல்ல. சீனரும் அரபியரும் ஐரோப்பியரும் அதை அறிந்திருந்தார்கள். நம் ஊர்த் தேர்த் திருவிழாவிலும் வாணவேடிக்கை உண்டு. ஆனால் மற்ற இடங்களில் மருந்தை அட்டைக் குழாயிலோ மூங்கிலிலோ திணித்தார்கள்; மைசூரில் இரும்புக் குழாயில் திணித்தார்கள். வேறுபாடு முழுவதும் இதில்தான் இருக்கிறது. அட்டைக் குழாய்க்குள் மருந்தை ஓரளவுக்கு மேல் இறுக்கினால் குழாயே வெடித்துவிடும். இரும்பு தாங்கும். உள்ளே அழுத்தம் கூடக் கூட, பின்வாயால் வெளியேறும் புகை வாணத்தை அத்தனை வலுவாக முன்னே தள்ளும். கஞ்சமலைச் சுற்றிலும் மைசூர்ச் சீமையிலும் வழிவழியாக இரும்பு உருக்கிய கொல்லர்கள் இருந்த நிலம் இது. இரும்பைத் தகடாக அடித்துக் குழாயாக்குவது இங்கே கைவந்த வேலை.

அப்படிப்பட்ட வாணங்கள் இரண்டு இங்கிலாந்தில் உல்விச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருந்தன. விண்வெளிப் பொறியியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா அவற்றின் அளவுகளைத் தம் ஆய்வுக் கட்டுரையில் தந்திருக்கிறார். ஒன்றின் குழாய் பத்து அங்குல நீளம். அதை மூன்றடி நான்கு அங்குல வாளின் அலகோடு கட்டியிருக்கிறார்கள். மற்றொன்று எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஆறடிக்கும் கூடுதலான மூங்கில் கழியோடு தோல்வாரால் கட்டியது. வாணம் தலைகீழாகப் புரளாமல் நேரே போவதற்கு அந்தக் கழிதான் வால். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில், ஒரு பாழுங்கிணற்றில் 2018இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணக் குழாய்கள் கிடைத்தன. படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், கைப்பிடிக்குள் அடங்கும் சின்னத் துருக்குழாய்கள்தான் அவை.

1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நிர்மூலமானது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றியதுதான் அதற்குப் பெரிய காரணம். அந்தத் தீயை வாணங்கள் வைத்ததாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது, உடனே சுடத்தக்க வாணங்கள் எழுநூறும், மருந்து அடைக்காத குழாய்கள் ஒன்பதாயிரமும் கும்பினி கையில் சிக்கின. அவற்றில் சில உல்விச் போய்ச் சேர்ந்தன.

உல்விச்சின் அரச வெடிமருந்துச் சாலைக்குப் பொறுப்பாளராக இருந்தவரின் மகன் வில்லியம் கான்கிரீவ். 1804 வாக்கில் அவர் ராக்கெட்டில் இறங்கினார். முதலில் லண்டன் கடைகளில் கிடைத்த மிகப் பெரிய வாணங்களைச் சொந்தக் காசில் வாங்கிச் சுட்டுப் பார்த்தார். ஐந்நூறு, அறுநூறு கஜத்துக்கு மேல் அவை போகவில்லை. இந்தியாவில் இதைவிடத் தொலைவு போயிருப்பது தனக்குத் தெரியும் என்று அவரே எழுதியிருக்கிறார். அட்டையை விட்டு இரும்புக்கு மாறிய பிறகு தொலைவு கூடியது. பிறகு நடந்தவை போர் வரலாறு: 1806இல் பூலோன், 1807இல் கோபன்ஹேகன், 1814இல் பால்டிமோர். அவற்றை விரிக்க எனக்கு விருப்பமில்லை. கோபன்ஹேகனில் எரிந்தது ஊர்; செத்தவர்களில் பெரும்பாலோர் குடிமக்கள்.

அதே 1807இல்தான் நம் கதை வேறு பக்கம் திரும்புகிறது.

அந்த ஆண்டு பிப்ரவரி 18இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரேட் யார்மவுத் அருகே ‘ஸ்னைப்’ என்ற போர்ப்படகு தரை தட்டியது. கரைக்கும் அதற்கும் ஐம்பது அறுபது கஜம்தான் இடைவெளி. கரையிலிருந்து முகங்கள் தெரிகின்றன, கூக்குரல் கேட்கிறது. நடுவே அலை. ஒரு படகும் இறங்க முடியவில்லை. அறுபதுக்கும் மேற்பட்டோர் கண்ணெதிரே மூழ்கினார்கள். கூட்டத்தில் நின்று பார்த்தவர்களில் ஒருவர் அந்த ஊர்ப் படைவீட்டு அதிகாரி ஜார்ஜ் வில்லியம் மேன்பி. ஒரே ஒரு கயிறு அந்தக் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் இத்தனை பேரும் பிழைத்திருப்பார்களே என்ற எண்ணம் அவரை விடவில்லை.

காவிரிக் கரையில் வெள்ளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பள்ளிபாளையத்திலோ மோகனூரிலோ ஆறு இரு கரையும் தொட்டு ஓடும்போது நடுத்திட்டில் ஒருவர் சிக்கிக்கொண்டால், பரிசல் போகாது, நீந்தியும் போக முடியாது. வலுவான வடக்கயிறு கரையில் சுருட்டிக் கிடக்கும். அதன் ஒரு முனையை அங்கே சேர்ப்பதுதான் பாடு. வடம் கனமானது, எறிய முடியாது. எறியக்கூடிய மெல்லிய கயிறு மனிதனைத் தாங்காது. அதனால் முதலில் மெல்லிய கயிறு போக வேண்டும். அதைப் பிடித்து இழுத்து, பின்னாலேயே வடத்தைக் கொண்டுபோக வேண்டும். நீரில் சிக்கியவரை மீட்கும் எல்லா வேலைகளிலும் அந்த முதல் கயிறுதான் கடினமான பகுதி.

மேன்பி அதைக் குட்டைப் பீரங்கியில் வைத்துச் சுட்டார். குண்டில் ஒரு வளையம், வளையத்தில் கயிறு. பீரங்கி வாயை விட்டு வெளியேறும் கணத்தில் குண்டின் வேகம் உச்சத்தில் இருக்கும். அசையாமல் கிடக்கும் கயிற்றை அந்த வேகத்தில் வெடுக்கென்று இழுத்தால் கயிறு அறும். சங்கிலி போட்டாலும் தெறித்துவிடும். கடைசியில் பச்சைத் தோலைப் பின்னிக் குண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே வைத்தார். தோல் கருகவுமில்லை, அறவுமில்லை. 1808 பிப்ரவரி 12இல் ‘எலிசபெத்’ என்ற கப்பலின் ஏழு பேர் அந்தக் கயிற்றால் கரை சேர்ந்தார்கள். மேன்பிக்கு உரிய பெருமை கிடைத்தது. ஆனால் பீரங்கியைத் தூக்கிக்கொண்டு கரை நெடுக ஓடுவது எளிதா?

இனி நான் சொல்லப்போகிறவரை உலகம் அவ்வளவாக நினைத்துக்கொள்வதில்லை. ஹென்றி டிரெங்ரூஸ். கார்ன்வாலில் ஹெல்ஸ்டன் என்ற சிற்றூரில் மரச்சாமான் செய்த தச்சர். 1807 டிசம்பர் கடைசியில் ‘ஆன்சன்’ என்ற போர்க்கப்பல் அவர் ஊர்ப் பக்கத்து மணல் திட்டில் மோதி உடைந்தது. செத்தவர்களின் கணக்கை அறுபதிலிருந்து நூற்றுத் தொண்ணூறு வரை பலவாறு சொல்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய தச்சருக்கு, அரசர் பிறந்தநாளில் ஊர்த் திடலில் விட்ட வாணவேடிக்கை நினைவுக்கு வந்தது. வாணம் குண்டைப் போல வெடுக்கென்று பாய்வதில்லை. மெதுவாகப் புறப்பட்டு, போகப் போக வேகம் எடுக்கிறது. அப்படியானால் அதன் வாலில் கட்டிய கயிறு அறாது!

இதைக் கண்டதற்காக மட்டும் நான் அவரைக் கொண்டாடவில்லை. அவர் அடுத்ததாகச் சொன்னதுதான் பெரிது. கரையிலிருந்து கப்பலைக் குறிபார்த்துச் சுடாதீர்கள். கருவியைக் கப்பலிலேயே வையுங்கள் என்றார். எண்ணிப் பாருங்கள். கரையில் நிற்பவருக்கு, ஆடிக்கொண்டிருக்கும் சின்னக் கப்பல் குறி, எதிர்க்காற்று வேறு. கப்பலில் நிற்பவருக்கோ நிலம் முழுவதும் குறி. கப்பலைக் கரைக்குத் தள்ளிய அதே காற்று வாணத்தையும் கரைக்குத்தான் கொண்டுபோகும். எந்தக் கரையில் எந்தக் கப்பல் உடையும் என்று யாருக்குத் தெரியும்? கப்பலிலேயே கருவி இருந்தால் உடைகிற இடத்தில் அது தயாராக இருக்கும். துப்பாக்கி வாயில் வைத்துச் சுடும் வாணம், கயிறு, ஆள் உட்கார்ந்து வரும் இருக்கை, தக்கைச் சட்டை எல்லாவற்றையும் நாலேகால் அடிப் பெட்டிக்குள் அடக்கிக் காட்டினார் அந்தத் தச்சர்.

குடும்பச் சொத்தை விற்றுச் செலவழித்தார். 1818இல் அதிகாரிகள் முன்னால் சோதனை நடந்தது. நன்றாக இருக்கிறது என்று அறிக்கையும் வந்தது. அரசாங்கம் இருபது பெட்டிகள் கேட்டது. பிறகு, நாங்களே செய்துகொள்கிறோம் என்று சொல்லி, ஈட்டுத்தொகையாக ஐம்பது பவுன் கொடுத்து அனுப்பிவிட்டது. ரஷ்ய ஜார் அலெக்சாண்டர் வைர மோதிரம் அனுப்பினார்; வறுமையில் அதையும் அடகு வைக்க நேர்ந்தது. 1854இல் டிரெங்ரூஸ் காலமானார். நீ என் வயது வரை இருந்தால் கரை நெடுக என் கருவியைப் பார்ப்பாய் என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்.

அது கரை நெடுக வரத்தான் செய்தது, வேறு பெயர்களில். வைட் தீவைச் சேர்ந்த ஜான் டென்னட் 1826 வாக்கில் செய்த ராக்கெட், 1832இல் ‘பெயின்பிரிட்ஜ்’ கப்பலின் பத்தொன்பது பேரைக் கரை சேர்த்தது. 1865இல் கர்னல் பாக்சர் ஒரே குழாயில் முன்னும் பின்னுமாக இரண்டு ராக்கெட்டுகளை அடைத்தார். முதலாவது எரிந்து முடியும் இடத்தில் இரண்டாவது பற்றிக்கொள்ளும். பாக்சர் வேலை பார்த்த இடம் உல்விச்சின் அதே அரச வெடிமருந்துச் சாலை. ஸ்ரீரங்கப்பட்டணத்து வாணங்கள் போய்ச் சேர்ந்த ஊர், கான்கிரீவ் போர் ராக்கெட் செய்த சாலை. டிரெங்ரூஸ் ஊர்த் திடலில் பார்த்த வாணத்தை மைசூரோடு முடிச்சுப் போட மாட்டேன், அது பொய்யாகிவிடும். ஆனால் இரும்புக் குழாய், கான்கிரீவ், உல்விச், பாக்சர் என்ற இந்தக் கிளையின் வேர் மைசூரில் இருக்கிறது.

கரையில் வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஒரு மரப்பெட்டி, அடித்தட்டில் வரிசையாக முளைகள். மெல்லிய கயிற்றை அந்த முளைகளில் இப்படியும் அப்படியுமாக மாற்றி மாற்றிச் சுற்றி வைத்திருப்பார்கள். சுடுவதற்கு முன் பெட்டியைக் கவிழ்த்து முளைத்தட்டை உருவிவிட்டால், கயிறு ஒரு முடிச்சும் விழாமல் அடுக்கடுக்காகக் கிடக்கும். ராக்கெட் சீறிக்கொண்டு கிளம்ப, கயிறு அடுக்கடுக்காக எழுந்து போகும். கப்பல் மேல்தளத்துக்கு மேலாக அது விழ வேண்டும். கப்பலில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் ஒரு கப்பி வரும். கப்பியோடு ஒரு மரப்பலகை. ஒரு பக்கம் ஆங்கிலத்திலும் மறுபக்கம் பிரெஞ்சிலும் செய்ய வேண்டியதை எழுதியிருப்பார்கள்: கப்பியைப் பாய்மரத்தில் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டு; கட்டியதும் கரைக்குச் சைகை காட்டு. பிறகு கரையில் உள்ளவர்கள் அந்தக் கப்பி வழியாகப் பருத்த வடத்தை அனுப்புவார்கள். வடம் இறுகியதும் அதில் தொங்கிக்கொண்டு ஒரு மிதவை வளையம் போகும். வளையத்தின் நடுவே முரட்டுக் கித்தானில் தைத்த அரைக்கால்சட்டை. அதற்குள் இரண்டு கால்களையும் விட்டு, வளையத்தை இரு கையாலும் பற்றிக்கொண்டால் போதும். ஒவ்வொருவராக, அலைக்கு மேலே, சில நேரம் அலைக்குள்ளேயே புகுந்தும், கரைக்கு வந்துவிடுவார்கள். இங்கிலாந்துக் கரையில் 1864 முதல் டைன்மவுத் போன்ற ஊர்களில் ஊர் மக்களே படை சேர்ந்து இந்த வேலையைப் பழகினார்கள்.

அந்தப் பலகை என் மனதை உறுத்துகிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கப்பல்களில் லஸ்கர்கள் எனப்பட்ட நம் நாட்டு மாலுமிகள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். வங்காளத்தார், கொங்கணத்தார், குஜராத்தார், கோவாக்காரர். இருட்டில், உடைகிற கப்பலில், கைக்கு வந்த பலகையில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? உயிர்காக்கும் கருவி செய்தவர்கள், அதை யார் கையில் எடுப்பார்கள் என்பதை முழுக்க எண்ணிப் பார்க்கவில்லை.

ராக்கெட் எல்லா நேரமும் கைகொடுக்கவும் இல்லை. 1914 அக்டோபர் 30இல் ‘ரோஹில்லா’ என்ற கப்பல் இங்கிலாந்தில் விட்பி ஊர்ப் பக்கத்துப் பாறையில் மோதியது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல் அது; பிற்காலத்தில் மதராஸ், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்களை ஏற்றிப்போன ‘ரஜூலா’வும் அதே கம்பெனியுடையது. போர் தொடங்கியதால் ரோஹில்லா மருத்துவக் கப்பலாக மாறியிருந்தது. கப்பலில் 229 பேர். கரையோ சில நூறு கஜத்தில். கரையிலிருந்து ராக்கெட் மேல் ராக்கெட்டாகச் சுட்டார்கள். காற்றும் கடலும் கயிற்றைப் பயன்பட விடவில்லை. உயிர்காப்புப் படகு முப்பத்தைந்து பேரைக் கொண்டுவந்துவிட்டு உடைந்துபோனது. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 1 அதிகாலை, டைன்மவுத்திலிருந்து கரையோரமாகவே ஓட்டிவந்த மோட்டார் படகு மிச்சமிருந்த ஐம்பது பேரை மீட்டது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எதிர்க்காற்றில் கரையிலிருந்து கப்பலுக்குக் கயிறு சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று அந்தத் தச்சர் சொன்னதை, நூறு ஆண்டு கழித்து விட்பிக் கரையில் நின்றவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

அவர் கேட்டது 1928இல் நடந்தது. அதற்குள் வில்லியம் ஷெர்முலி என்ற மாலுமி, கைத்துப்பாக்கியிலிருந்தே கயிறு எறியும் ராக்கெட்டைச் செய்திருந்தார். கப்பலில் கயிறெறி கருவி இருந்தே ஆக வேண்டும் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த ஆண்டு சட்டம் செய்தது. 1818இல் சோதித்துப் பார்த்து நல்லது என்று ஒப்புக்கொண்ட ஒரு யோசனை சட்டமாக 110 ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை கப்பல், எத்தனை உயிர் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

இன்று உலகமெங்கும் ஓடும் சரக்குக் கப்பல்களுக்குச் சர்வதேச விதி இருக்கிறது. சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் கப்பல் வேலைக்குப் போன பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் கப்பலை ஓட்டும் அறையில் இருக்கும் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்வார்கள். குறைந்தது நான்கு ராக்கெட், நான்கு கயிறு. காற்றில்லாத வானிலையில் கயிற்றை 230 மீட்டராவது கொண்டுபோக வேண்டும். அதோடு பன்னிரண்டு பாராசூட் ராக்கெட்டுகளும் உண்டு. 300 மீட்டர் உயரம் போய், சிவப்பு ஒளியாக நாற்பது விநாடி எரிந்துகொண்டே இறங்கும். ஆபத்து என்பதற்கு எல்லாக் கடலிலும் அதுவே அடையாளம். கரையிலிருந்து சுடும் பழைய ஏற்பாட்டை ஹெலிகாப்டர் வந்த பிறகு கைவிட்டார்கள். கப்பலில் உள்ள கருவியைக் கைவிடவில்லை. இயந்திரம் நின்ற கப்பலைக் கட்டி இழுக்கவும், தத்தளிக்கும் படகுக்கு முதல் கயிறு கொடுக்கவும் இன்றும் அதுதான் வேண்டியிருக்கிறது.

அப்துல் கலாம் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாலப்ஸ் தீவு ராக்கெட் தளத்துக்குப் போனபோது, வரவேற்பறையில் ஓர் ஓவியத்தைப் பார்த்ததை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். திப்புவின் வாணக்காரர்கள் ஆங்கிலேயரை எதிர்த்து நிற்கும் ஓவியம். அந்த வாணம் விண்வெளிக்குப் போன கதையை அதற்குப் பிறகு நாம் பலமுறை பெருமையோடு பேசியிருக்கிறோம். அது கடலுக்குப் போய்க் கயிறு சுமந்த கதையைப் பேசியதில்லை. பள்ளிப் பாடத்தில் பொள்ளிலூருக்கு இடம் கொடுக்கும்போது, பக்கத்தில் இதற்கும் நான்கு வரி இடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கயிறெறி கருவியின் மேல் சுருக்கமான குறிப்போ, பயன்படுத்தும் முறையைத் தெளிவாகக் காட்டும் படமோ இருக்க வேண்டும் என்று இன்றைய விதி சொல்கிறது. மூடியைத் திருகு, இப்படிப் பிடி, கப்பலைத் தாண்டிக் குறிவை, இழு. படமாகப் போட்டிருந்தால் எந்த ஊர் மாலுமியும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்த இதழில் ரீட் துரையின் சேலத்துக்குத் திரும்புவோம். அவரும் உதவியாளர் தாமஸ் மன்றோவும் சங்கிலி போட்டு நிலம் அளந்த கதை.

(தொடரும்)